முப்பத்தொன்றுக்குப் போட்ட காப்பு

இரவு ஒன்றரை மணி. எண்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதக் குளிர். இந்த வெள்ளைக்கார நாட்டில், செவன் கிங்ஸில் ஒரு பக்கத் தெரு… ஒரு சனம் இல்லை. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து பாலேந்திரா நடந்து வருகிறான். என் மச்சானோடு ஒரே அறையில் இருந்தவனின் தம்பி. நம்பாதவர்கள் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போடலாம். கலாவதி, உம்முடைய பிள்ளை மேலே நித்திரைதானே? இது பிள்ளைக்காரர் கேட்கிற கதை அல்ல.

தெரு முனையிலேயே அவனுடைய குழந்தையின் அழுகை கேட்டது. பிறந்து முப்பத்தைந்து நாள். கேற்றில் கை வைத்தான்… அழுகை நின்றது. அடங்கி நிற்கவில்லை. வாயைப் பொத்தியதுபோல, பாதியில் நின்றது.

குசினியில் மனைவி சிவனேஸ்வரி பால் போத்தலோடு திரும்பினாள்.

“நீங்கள் இப்பதான் வாறியளே? அப்ப மேல பிள்ளையைத் தூக்கினது ஆர்?”

இரண்டிரண்டு படியாய் ஏறினான். மூடிய அறைக்குள் ஈரச் சேற்று மணம்… அழுகிய இலை மணம். தொட்டிலில் பிள்ளை கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தது. உதடு நீலம். கன்னத்தில் நாலு விரல் பள்ளம். அவன் பார்க்கப் பார்க்க அது இன்னும் ஆழமாய்ப் பதிந்தது.

தூக்கினான். யாரோ கீழே அமத்திப் பிடித்திருப்பதுபோல, பிள்ளை வரவில்லை. பிள்ளையின் வெள்ளிக் காப்பு இரண்டிலும் சேறு கசிந்தது. ஏனென்று அவனுக்கே தெரியாது, அவற்றை உருவி எறிந்தான். பிள்ளை மூச்சிழுத்து வீரிட்டு அழுதது.

அந்தக் காப்பு எங்கிருந்து வந்தது? வாடகை வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் ரின் கிடந்தது. அதற்குள் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் வீரப் பதக்கம், ஒரு கடதாசி. பதக்கம் நல்ல வெள்ளி. பிள்ளைக்கு முப்பத்தொன்றுக்கு, அந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, காப்புப் போட வேண்டுமே என்று, பிளேஸ்டோவில் வீட்டிலிருந்தே நகை செய்யும் பத்தரிடம் கொடுத்து உருக்குவித்தான். கடதாசியை அன்றிரவுதான் வாசித்தான்.

பர்மாக் காடு, யுத்த காலம். ஆறு பேர் புதருக்குள் ஒளிந்திருந்தார்கள். எதிரி பத்தடியில். காயம்பட்ட ஒருவன் கத்தத் தொடங்கினான். இந்தச் சிப்பாய் விடியும்வரை அவன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தான். அதற்குத்தான் பதக்கம். பொத்தப்பட்டவன் என்னவானான் என்று கடதாசியில் இல்லை.

விடியமுன் காப்பை ஆற்றில் போட்டார்கள். பிள்ளை தப்பியது.

நான் நிறுத்தினேன். ஹீற்றரைச் சுற்றியிருந்தவர்கள் இன்னும் நெருங்கி இருந்தார்கள். மேல்மாடியில் கலாவதியின் பிள்ளை விழித்து அழத் தொடங்கியது. எழும்பிப் போனவள், கதவடியில் நின்று கேட்டாள்.

“ஞானரட்ணமண்ணை, அவ்வளவு பெரிய பதக்கத்தில சின்னக் காப்பு ஒரு சோடிதானே. மிச்ச வெள்ளி?”

“அதைப் பத்தர் வைச்சிருந்தவராம். போன மாதந்தான் இன்னொரு சோடி செய்து ஆருக்கோ குடுத்திட்டாராம்.”

கலாவதியின் கை கதவு நிலையைப் பிடித்தது. போன ஞாயிறுதான் அவளுடைய பிள்ளைக்கு முப்பத்தொன்று. காப்பு செய்ததும் அதே பத்தர்.

மேலே பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது… பிறகு, பாதியில் நின்றது.