தொட்டிக்குள் பேசுகிற பேச்சு

எங்கள் ஆர்பின் ஊர்ச் சிவப்பு ஒயின் முதல் வாயில் யாருக்கும் பிடிப்பதில்லை. நாக்கைப் பிடித்து இழுக்கும். ஐயா ஷாம்பெரி கோர்ட்டுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நீதிபதி என்றார்கள். குடித்திருந்தால் முகம் சுளித்திருப்பீர்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் திராட்சைக்கு மொந்தூஸ் என்று பெயர். ஐந்தாறு வருஷம் பொறுத்தால்தான் வாய்க்கு இணங்கும். பொறுக்க இப்போது யாருக்கு நேரம். மலைக்குப் பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்கு, உருக்கின பாலாடைக்கட்டியோடு குடிக்க வெள்ளையாக, சில்லென்று ஏதாவது இருந்தால் போதும். அதற்கு ஜாக்கேர் இருக்கிறது. கொத்துக் கொத்தாகக் காய்க்கும், அடுத்த வசந்தத்திலேயே விற்றுவிடலாம். பள்ளத்தாக்கில் பாதிப் பேர் மொந்தூஸைப் பிடுங்கிப்போட்டு ஜாக்கேர் நட்டார்கள். நாங்கள் நடவில்லை.

நாங்கள் என்றால் நானும் என் தம்பி ஃபெரியோலும். அப்பா போகும்போது சரிவில் இருந்த தோட்டத்தை அவனுக்கும், ஒயின் போடும் நிலவறையை எனக்கும் பிரித்துக் கொடுத்தார். கொடி அவனுடையது, தொட்டி என்னுடையது. சண்டை சச்சரவு கிடையாது. புட்டியில் தோட்டத்துக்காரன் பெயரைத்தான் ஒட்டுவோம், அதனால் சந்தையில் எல்லோரும் "ஃபெரியோல் ஒயின் குடுங்க" என்று கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே வந்தது அவன் மனைவி நொயேமிக்காக. புருஷன் சாவுக்கு அவளைப் பொறுப்பாக்கி நீங்கள் விசாரிக்கப்போவதாகக் கேள்வி. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒயினை வடித்த பிறகு தொட்டியில் தோலும் விதையுமாகச் சக்கை நிற்கும். ஒருவன் உள்ளே இறங்கி அதைக் கிளறித் தள்ள வேண்டும். கிளறக் கிளறக் கெட்ட காற்று கிளம்பும். ஆள் நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவான். அதற்காகத் தொட்டியின் அடியில் இருக்கும் சிறு கதவைத் திறந்து வைப்போம், அந்தக் காற்று அது வழியாக வழிந்துவிடும். திறந்து வைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. மேலே ஏணியில் ஒருவன் கயிற்றோடு நிற்பான், மறுமுனை உள்ளே இருப்பவன் இடுப்பில். உள்ளே இருப்பவன் வாயை மூடக் கூடாது. பேச்சு நின்றால் மேலே நிற்பவன் இழுக்க வேண்டும்.

சில வீடுகளில் பாடுவார்கள். எங்கள் வீட்டில் வசவுதான். உள்ளே இருப்பவன் வாய்க்கு வந்தபடி திட்டலாம், கூசாமல் புளுகலாம். மேலே நிற்பவனுக்குக் கோபம் வந்தால் தூங்க மாட்டான், அவ்வளவுதான் விஷயம். தொட்டியில் கேட்டதை யாரும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

அன்று காலை ஃபெரியோல் இறங்கினான். நொயேமி முன்னாலேயே அடிக்கதவைத் திறந்துவிட்டு, சக்கை வாசனைக்கு மொய்க்கிற குளவிக்குப் பயந்து சமையலுக்குப் போயிருந்தாள்.

"என்னண்ணே, உசுரோட இருக்கியா, நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?"

"வேலையப் பாருடா."

"உனக்கு ஏன் பொண்ணு அமையலன்னு இப்பத்தான் தெரியுது. உன் மூஞ்சி நம்ம ஒயின் மாதிரி. அஞ்சு வருஷம் பொறுத்தாத்தான் சகிக்கும். எவ பொறுப்பா?"

நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைக்காரன், ஊரே சொல்லும்.

"ஒரு சேதி சொல்றேன், ஏணிலேருந்து விழுந்துடாத. மார்ச் மாசம் கொடி அத்தனையும் புடுங்கறேன். ஆளுக்குச் சொல்லியாச்சு. மொத்தமும் ஜாக்கேர். இனிமே நீ பச்சப்புள்ள மாதிரி முதல்லேருந்து தொழில் கத்துக்கணும்."

"விளையாடாதடா."

"யாரு விளையாடறா?" என்றான். கொஞ்ச நேரம் சக்கையைக் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அண்ணே, தலை என்னமோ..." என்றான். பிறகு வெறும் "அண்ணே".

கயிறு என் கையில் இருந்தது. அந்தச் சரிவில் சரளைக்கல்லைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருக்கிற வேர்களை நினைத்துக்கொண்டு நின்றேன். இழுக்க வேண்டிய நேரம் தாண்டிய பிறகு இழுத்தேன். கூச்சலும் போட்டேன், நன்றாகவே போட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தச் சக்கையைப் பிழிந்தேன். விட்டால் கெட்டுப்போகும். நிறம் நன்றாக வந்தது.

அன்று என் கூச்சல் கேட்டு ஓடிவந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது அடிக்கதவு. சாத்தியிருந்தது. நொயேமிக்குக் குளவி என்றால் பயம் என்று ஊருக்கே தெரியும். "குளவிக்குப் பயந்து புருஷனக் கொன்னுட்டாளே பாவி" என்று அவள் காது படவே பேசினார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"பெரியத்தான், நான் தொறந்துதான வச்சேன்? இல்ல, போறப்போ சாத்திட்டேனா? சத்தியமா எனக்கு ஞாபகமே வரல. நீங்க மேல நின்னீங்களே, பாத்தீங்களா?"

கவனிக்கவில்லை என்றேன். குளிர்காலம் முழுக்க அவள் நிலவறைக்கு வந்து அந்தக் கதவைச் சாத்துவாள், திறப்பாள், மறுபடி சாத்துவாள். கைக்காவது ஞாபகம் வருமா என்று பார்த்தாளாம். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. நானே அவளுக்கு சூப் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

மார்ச் மாசம் நாற்றுப்பண்ணையிலிருந்து வண்டி வந்தது. கட்டுக்கட்டாக ஒட்டுக்கன்றுகள். எல்லாம் மொந்தூஸ். பட்டுப்போன கொடிகளுக்குப் பதிலாக நட ஃபெரியோல் முந்தின வருஷமே சொல்லிவைத்திருக்கிறான்.

"ஜாக்கேர் போடப்போறதா சொன்னானே" என்றேன்.

"அவரா? எங்க சொன்னாரு, தொட்டிலயா?" நொயேமி அத்தனை மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "அய்யோ பெரியத்தான், தொட்டிப் பேச்சையா நம்பினீங்க?" என்றாள். பிறகு கன்றுக்கட்டின் மேல் சாய்ந்து அழுதாள்.

என் வக்கீலிடம் கயிறு விஷயத்தையும் இந்த ஜாக்கேர் பேச்சையும் மட்டும் சொன்னேன், அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கொடியை உயிராக நினைத்த மனுஷன், கேட்ட சேதியில் அதிர்ந்துபோய்க் கை ஓடாமல் நின்றுவிட்டான் என்று வாதாடலாம் என்கிறார். நல்ல வாதம். நானும் இத்தனை நாளாய் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டாலும் கொடிக்காகத்தான் செய்தேன் என்பேன்.

ஆனால் அந்தப் பெண் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள், நாளைக்கு அவளே தான்தான் சாத்தினேன் என்று உங்களிடம் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அதனால் கதவு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் திறந்துதான் வைத்தாள். சாத்தியது நான். அவள் அந்தப் பக்கம் போனதும் குனிந்து, முழங்காலை வைத்து அழுத்திச் சாத்தினேன். ஃபெரியோல் அப்போது வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். தொட்டிக்குள் இன்னும் இறங்கவே இல்லை, ஜாக்கேர் என்ற பேச்சையே இன்னும் எடுக்கவில்லை.