அப்பா மாதிரியே ஒருத்தர்

பெங்களூர் பஸ்ஸில், காக்ஸ் டவுனில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது.

“எங்க அப்பா மாதிரியே இருக்கிற ஒருத்தர் செத்துட்டார்டி,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“யாரு?”

“நம்ம கம்பெனி ப்ரோக்ராம்ல. அப்பாவோட வயசு, சுகர், ஈசிஜி எல்லாம் போட்டேன். பழைய பேஷண்ட்ல யாரு இவர் மாதிரின்னு தேடச் சொன்னேன். மொதல்ல வந்த ஆளு ஆபரேஷனுக்கு அப்புறம் பிழைக்கல.”

“அது வெறும் மேட்ச்டி. அதேதான் உங்க அப்பாவுக்கும் ஆகணுமா?”

“தெரியும், நான்தானே எழுதினேன். அதான் மேட்ச் பண்றப்ப வயசுக்குக் குடுக்கற வெயிட்டேஜக் கொறச்சேன். அப்பவும் செத்தவரே மொதல்ல வந்தார். சுகருக்கும் கொறச்சேன். இப்ப வேற ஒருத்தர் மொதல்ல வரார். நல்லா நடமாடிட்டிருக்கார்.”

“உனக்குப் புடிச்ச ஆளு வர்ற வரைக்கும் மாத்துவியா? நாளைக்கு டாக்டருங்க முன்னாடி டெமோ இருக்கு.”

கண்டக்டர் வந்தார். தோழி, “எரடு சிவாஜிநகர் கொடி,” என்று கன்னடத்தில் இரண்டு டிக்கெட் கேட்டுச் சில்லறையை நீட்டினாள்.

“டெமோ எத்தனை மணிக்கு?” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“மத்தியானம்.”

“அப்பாவுக்கு ஆபரேஷன் காலைல. அது முடியற வரைக்கும் நான் மாத்தினது அப்படியே இருக்கட்டும்டி.”