கிராங்க் மட்டும் போதும்

தங்கச்சி: இன்ஜின்ல இந்தக் கிராங்க் தண்ட மட்டும் கிரைண்டிங் பண்ணிக் குடுண்ணே. வேற எதையும் தொடாத.

அண்ணன்: எதைத் தொடணும், தொடக்கூடாதுன்னு நீயே சொல்லிட்டா, இந்த லேத்துப் பட்டறையையும் நீயே நடத்து. நான் உன் வீட்ல போய்ச் சோறு வடிக்கிறேன்.

தங்கச்சி: நீ வடிச்ச சோத்த யாரு திங்கிறது...

அண்ணன்: சிரிக்காத. ஒரு மழைக்காலம் பூரா கடலுக்கு அடியில கெடந்த இன்ஜின் இது. படகையும் இன்ஜினையும் தூக்கிட்டாங்க, மாப்பிள்ளைதான் கெடைக்...

தங்கச்சி: அந்தப் பேச்ச விடு.

அண்ணன்: விட்டுட்டேன். உப்புத்தண்ணி சும்மா விட்டுருக்குமா? சிலிண்டர் மூணையும் கடையணும். ஹெட்ட மட்டம் பண்ணணும். வால்வு உக்கார்ற எடம்...

தங்கச்சி: ஒண்ணும் வேணாம். அளந்து பாரு.

அண்ணன்: அளக்கத்தானே போறேன்... இரு.

தங்கச்சி: என்ன?

அண்ணன்: ஒண்ணுமில்ல. இன்னொரு தரம் அளக்கிறேன்.

தங்கச்சி: எத்தனை தரம் அளந்தாலும் அதேதான் வரும்.

அண்ணன்: சிலிண்டர்ல தேய்மானமே இல்லையே... பொட்டுத் துரு இல்ல. கல்லு போட்டுத் தேச்ச கோடு குறுக்கும் நெடுக்கும் நேத்துப் போட்ட மாதிரி இருக்கு. யாரும்மா தேச்சது?

தங்கச்சி: ஒரு மெக்கானிக்.

அண்ணன்: எனக்குத் தெரியாம இந்தத் துறைமுகத்துல எவன் ஸ்பேனர் தூக்குறான்?

தங்கச்சி: வெளியூரு.

அண்ணன்: சரி, வெளியூரு. இந்த பேரிங் மூடியப் பாரு. ஒண்ணுக்கொண்ணு மாறிடக் கூடாதுன்னு கழட்டும்போது பஞ்ச் வச்சுப் புள்ளி குத்துவோம். எல்லாரும் வலப்பக்கம். இடப்பக்கம் குத்துற ஒரே ஆளு மாப்பிள்ளைதான். இடது கைப் பழக்கம்.

தங்கச்சி: பழைய புள்ளியா இருக்கும்.

அண்ணன்: பழசுன்னா கறுத்திருக்கும். இது இன்னும் வெள்ளையா மின்னுது.

தங்கச்சி: கிராங்குக்கு வா.

அண்ணன்: கிராங்க்... அதுல விரிசல் விட்டிருக்கு. பழைய இரும்புக்குத்தான் போடணும். படக வித்துட்டு என் வீட்டுக்கே வந்துரும்மா. அண்ணி உனக்கு ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கா.

தங்கச்சி: எங்க விரிசல்?

அண்ணன்: கண்ணுக்குத் தெரியாது. மயிரிழை.

தங்கச்சி: சங்கிலியிலதானே தொங்குது, தட்டிப் பாப்போம். விரிசல் இருந்தா சத்தம் அமுங்கிடும், இல்லேன்னா மணி மாதிரி இழுக்கும். நானும் இந்தப் பட்டறையிலதான் வளர்ந்தேன்.

அண்ணன்: சுத்தியல வை.

தங்கச்சி: கைய விடுண்ணே...

அண்ணன்: ஏய், தட்டாத! தட்டாதன்னு சொல்றேன்ல!

தங்கச்சி: ...கேட்டியா? எவ்ளோ நேரம் இழுக்குது பாரு.

அண்ணன்: கையால புடி. நிறுத்து அத.

தங்கச்சி: புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நிக்க மாட்டேங்குது.

அண்ணன்: தள்ளு, நான் புடிக்கிறேன்.

தங்கச்சி: ஏன்ணே பொய் சொன்ன?

அண்ணன்: மொதல்ல நீ சொல்லு. யாரு தேச்சா?

தங்கச்சி: திட்டக் கூடாது. இன்ஜின் கெடந்த கொட்டகையப் பூட்டிட்டுத்தான் படுப்பேன். விடிஞ்சு தொறந்தா ஏதாவது ஒரு வேலை முடிஞ்சிருக்கும். தரையெல்லாம் உப்புத்தண்ணி. எண்ணெய்த் துணி நாலா மடிச்சிருக்கும், அவரு மடிக்கிற மாதிரியே. கிராங்க் மட்டும் அப்படியே கெடந்துச்சு. அதுக்கு மிஷின் வேணும்ல, கையால ஆகாதுல்ல... அதான் உன்கிட்ட வந்தேன். நீ கடைஞ்சு குடுத்தா இன்ஜின் ஓடும், அவரு வீட்டுக்கு வந்துருவாருண்ணே. அவரில்லாம என்னால முடியல.

அண்ணன்: பயமா இல்லையா உனக்கு?

தங்கச்சி: அவருகிட்ட எனக்கென்ன பயம்? படகு இருந்தாத்தானே அவரு வர முடியும்?

அண்ணன்: படகு அவருக்கு இல்லம்மா.

தங்கச்சி: உனக்கெப்படித் தெரியும்?

அண்ணன்: இங்கயும் வந்தாரு. நீ நிக்கிற எடத்துலதான், சொட்டச் சொட்ட நின்னாரு. "கிராங்க் வரும், நல்லா கடைஞ்சு குடுங்க மச்சான்"னாரு. எதுக்கு மாப்ளேன்னு கேட்டேன்... "நான் நடந்தே வந்துட்டுப் போயிடுறேன், உங்க தங்கச்சியால அவ்ளோ தூரம் நடக்க முடியாதுல்ல"ன்னாரு.