கோகிலாவுக்கு வாங்கிய செருப்பு

அது நல்ல செருப்பு சார். கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் பிளாட்பாரக் கடைக்காரன் முதலில் காட்டியதை நான் எடுக்கவில்லை. அடி மெலிசாக இருந்தது. மழையில் வழுக்காததாக, தடித்த ரப்பராகக் கேட்டு வாங்கினேன். அதை ஸ்டேஷன் மேஜைமேல் வைத்துக்கொண்டு ஏன் வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். உங்களுக்குத் தமிழ் தெரிவது நல்லதாகப் போயிற்று. இந்தியில் சொன்னால் என் பேச்சு எனக்கே வேறு மாதிரி கேட்கும்.

தொண்ணூறு அடி ரோட்டில் எனக்கு ஒரு ரிப்பேர் கடை. செல்போன், மிக்ஸி, டிவியில் மாட்டி ஆடுகிற பழைய வீடியோ கேம் பெட்டி எல்லாம் பார்ப்பேன். என் அப்பா தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கிக் கால் வெந்து செத்தவர். ஸ்டூலில் உட்கார்ந்து சம்பாதிக்கிற முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். மகேஷ்குமார் என்னோடு படித்தவன். கட்டட வேலைக்குப் போனான். வடாலாவில் சாரம் சரிந்து விழுந்ததில் கழுத்தில் அடி. அதற்குப் பிறகு வலது கை மட்டும் கொஞ்சம் வேலை செய்தது. விரல்கள் எதையும் பிடிக்கும். பிடித்ததை விடத் தெரியாது. டம்ளரைக் கொடுத்தால் அவன் மனைவி கோகிலவாணி விரல் விரலாகப் பிரித்துத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

நீங்கள் சீல் வைத்திருக்கிறீர்களே, அந்த கேம் பெட்டி, மகேஷ் சாரத்திலிருந்து விழுவதற்கு முன்னால் என் கடையில் உட்கார்ந்து செய்தது. ஜப்பானில் யாரோ கழித்துப் போட்டது, பழைய சாமான் விற்கிற சோர் பஜார் வழியாக வந்தது. திருட்டு நகல் டிஸ்க்கும் ஓடுவதற்காக உள்ளே ஒரு சிப் வைத்து ஈயத்தால் சூடு போட்டான். மூடி உடைந்திருந்ததால் பக்கத்துப் பட்டறையில் அலுமினியத் தகட்டை மடித்து உறை செய்தான். படுக்கையில் விழுந்த பிறகு அது அவன் தலைமாட்டிலேயே இருந்தது. ஒற்றைக் கையால் கார் ரேஸ் ஓட்டுவான். அந்த நேரத்தில் மட்டும்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியும்.

ஒருநாள் பெட்டி கிளம்பவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிவியில் வெறும் கறுப்பு. கோகிலா அதைப் பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்தாள்.

"அண்ணே, இது ஓடலன்னா அவுக சோறு எடுக்க மாட்டேங்காக. கூரைத் தகரத்தையே பாத்துக்கிட்டு கெடக்காக. பயமா இருக்குண்ணே."

டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை மெல்லக் குடித்தாள். யாரோ போட்ட டீயை உட்கார்ந்து குடித்து அவளுக்கு ரொம்ப நாளாகியிருக்கும். அவள் குடிக்கும்போதே நான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். சிப்பிலிருந்து வருகிற ஒயரில் ஒன்று, தலைமுடி கனம்தான் இருக்கும், போர்டை விட்டு விலகியிருந்தது. ஒரு சொட்டு ஈயம் போதும்.

"ஒரு வாரம் ஆகும்மா" என்றேன்.

அடுத்த முறை வந்தபோது பவர் போர்டு போயிருக்கிறது என்றேன். அப்புறம் லென்ஸ். அப்புறம் காட்கோபரில் ஒருவனிடம் பார்ட் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். மாட்டுங்காவில் வீட்டு வேலை முடித்துவிட்டு வருவாள். ஈரம் காயாத கை. ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைப்பேன். அழுவாள், டீ குடிப்பாள், போவாள். அவள் வராத நாட்களில் கடையைத் திறப்பதே எனக்குப் பாரமாக இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை சார், யாரும் கேட்கவும் இல்லை. அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். நம் பழக்கத்தில் ரோட்டில் போகிறவனும் அண்ணன்தான். அதில் ஒன்றுமில்லை.

மகேஷ் இளைத்துக்கொண்டு வந்தான். முதுகில் புண். கஞ்சியை ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறான் என்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வாரம் என்றேன்.

அப்போதுதான் அவன் போன் செய்தான். வீட்டில் கோகிலா ஸ்பீக்கரில் போட்டு அவன் வாயருகே பிடித்திருந்தாள்.

"லே சுடலை, மூணாவது ஒயரு விட்டிருக்கும், பாத்தியா? நான் சூடு வச்ச எடம் எனக்குத் தெரியாதாலே?"

"பாக்கேன்" என்றேன்.

"என்னத்தப் பாக்க? எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தா ஒயரு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதோ?"

தமாஷாகத்தான் சொன்னான். கோகிலா சிரித்தாள். என் கடையில் அத்தனை தடவை உட்கார்ந்தவள் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. "சும்மா கெடங்க, அண்ணன் என்ன நெனப்பாக" என்று அவனை அதட்டிக்கொண்டே சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டு மூன்றாவது ஒயரைப் பற்றவைத்தேன். உடனே பெட்டி கிளம்பியது. படம் கண்ணாடி மாதிரி வந்தது.

இனி அவள் எதற்காக வருவாள் என்று யோசித்தேன்.

அவள் படுகிற பாட்டையும் யோசித்தேன். மூத்திரத் துணி, புண்ணுக்கு மருந்து, மாட்டுங்காவில் பாத்திரம். ஒரு மனுஷி எத்தனை நாள் இழுப்பாள்? யாராவது அந்தச் சுமையை இறக்கிவிட வேண்டும். வேறு யாருக்கும் அந்த அக்கறை இல்லை. அதனால் உறைக்குள், கரண்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகும்படி இன்னொரு ஒயரை வைத்தேன். புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். தூக்கி அடித்தது. எனக்குக் கையை இழுத்துக்கொள்ள முடியும்.

செருப்பு அப்போது வாங்கியதுதான். கோகிலா நினைவில்லாமல் பெட்டியைத் தொட்டுவிட்டால் ரப்பர் காக்கட்டும் என்று.

பெட்டியை நானே கொண்டுபோனேன். மகேஷ் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "டாக்டர் வந்துட்டாம்ல! பொணத்த எழுப்பிட்டியாலே?" நான் தலைமாட்டில் வைத்தேன். சுவரில் பிளக்கை மாட்டினேன், ஸ்விட்சைப் போடவில்லை. நான் போன பிறகு கோகிலாவை ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு நீ பெட்டி பட்டனை அமுக்கு என்று அவனிடம் சொன்னேன். அவளிடம் செருப்பைக் கொடுத்தேன். "தரை ஈரமா இருக்கு, வீட்டுக்குள்ளயும் போட்டுக்கோம்மா" என்றேன்.

"வீட்டுக்குள்ள செருப்பா? சாமி படம் இருக்குல்லா. நல்லாச் சொன்னீக போங்க." சிரித்துக்கொண்டே வாங்கி வாசலில் வைத்தாள். நம்மவர்கள் வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டாது. எனக்கும் அது தெரியும், என் செருப்பும் அங்கேதான் கிடந்தது. இருந்தும் அவள் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னுடையதைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் ஸ்விட்சைப் போட்டாள். அவன் கை பெட்டியைப் பிடித்தது, விடவில்லை. அவள் டம்ளரைப் பிரிக்கிற மாதிரி விரலைப் பிரிக்கப் போனாள். எதிர்வீட்டு முகைதீன் எலக்ட்ரீஷியன், சத்தம் கேட்டு வந்து பிளக்கைப் பிடுங்கியதால் அவள் பிழைத்தாள். உறையைத் திறந்து பார்த்து, இது தவறி நடந்தது இல்லை என்று சொன்னவனும் அவன்தான். அவன் சொன்னது சரி.

அவளும் செத்திருப்பாளே என்கிறீர்கள். செருப்பைப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. நான் அவளுக்காகத்தான் செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மகேஷ்குமாரைக் கொன்றது நான். வேலையில் பிழை இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் என்னை ஒரு தடவைதான் பார்த்தாள். விரலெல்லாம் கட்டு. "அண்ணே, தெரிஞ்சா செஞ்சீக?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியாக இருக்கும்.

கேஸ் முடிகிறவரை பெட்டி இங்கேதானே இருக்கும்? அவன் ஓட்டின ரேஸ் எல்லாம் அதற்குள் பதிவாகி இருக்கிறது. அவளுக்கு அது வேண்டும், கேட்டு வருவாள். வந்தால் உட்காரச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சுடலைக்கண்ணன்தான் பார்க்கிறான், இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லுங்கள்.