பதினேழாம் வில்லை

கப்பலில் சாப்பாடு நன்றாகவே இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கப்பல்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. காலையில் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும், கேட்ட நேரமெல்லாம் காபி. இருபத்திரண்டு பயணிகள் மட்டும் போகிற சின்னக் கப்பல், நாட்டின் வடகோடியில் ஃபின்மார்க் கரையோரமாக ஆறு நாள். அப்பாவுக்கு எண்பத்து மூன்று முடிந்ததைக் கொண்டாட அண்ணன் தெர்யே ஏற்பாடு செய்தது. அண்ணன், அக்கா சோல்வெய்க், அப்பா, கடைசியாக நான்.

நேற்று விசாரணையில் நீங்கள் கப்பலின் வழிகாட்டிப் பெண் இங்வில்டைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் ஆட்களைச் சரிபார்க்காமல் விட்டாள் என்று வழக்குப் போகப் போகிறதாம். அவளுக்கு இருபத்தாறு வயது. அதனால்தான் இன்று நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் அவரோடு இருந்தது நான். நூலக வேலையை விட்டேன். குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிப்பேன், இல்லாவிட்டால் அவர் தெருவுக்குப் போய்விடுவார். ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்பார், நாற்பது தடவையும் பதில் சொல்வேன். "நான் சொல்றதைக் கேளுங்கப்பா" என்று கெஞ்சுவேன். கேட்க மாட்டார். ஆனால் நான் அவரை அடித்ததில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் காத்திருந்து இந்த வசந்தத்தில்தான் நகராட்சி முதியோர் இல்லத்தில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. ஊர் திரும்பியதும் சேர்ப்பதாக இருந்தேன். திரைச்சீலைகூட வாங்கி வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டில் அண்ணன் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அந்த இடம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன், டாக்ரூன். சோல்வெய்க்கும் சரின்னுட்டா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா மட்டும் நீ என்ன சொல்லப் போற? அப்பாவைப் பாரு, பூ மாதிரி வச்சிருக்க. அந்த நர்ஸுங்க இப்படிப் பார்ப்பாங்களா?"

"உனக்கும் வேற யாரு இருக்கா, சொல்லு. அவரும் போயிட்டா வீட்ல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்ப" என்றாள் அக்கா.

"எங்க ஊர்ல ஈகூட வராதே" என்றான் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா என் தட்டிலிருந்த வாஃபிளை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். சட்டப்படி அவருக்குப் பொறுப்பாளர் அண்ணன்தான். கையெழுத்துப் போடும் உரிமை அவனுக்கு, துடைத்துவிடும் உரிமை எனக்கு.

கப்பலின் இறங்கு வாசலில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு பித்தளை வில்லை, ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை. கரைக்குப் போகும்போது சிவப்பு தெரியத் திருப்ப வேண்டும், ஏறியதும் வெள்ளை. எல்லாம் வெள்ளையானால் கப்பல் கிளம்பும். வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சாலையோரம் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்து, பக்கத்தில் காசுப் பெட்டியையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிற ஜனங்கள் நாங்கள். வில்லையில் ஒருவர் பொய் சொல்வார் என்று எங்களுக்குத் தோன்றாது. அப்பாவுடையது பதினேழு, என்னுடையது பதினெட்டு. முதல் நாளிலிருந்தே இரண்டையும் நான்தான் திருப்பினேன், இங்வில்டும் தலையாட்டினாள்.

அன்று பிற்பகல் இறங்கிய தீவில் ஆள் இல்லை. கைவிட்டுப் போன மீனவர் வீடுகள் நாலைந்து, ஒரு படகுக் கொட்டகை. ஜூன் மாதம்தான், ஆனால் நாலு டிகிரி, ஆலங்கட்டி கலந்த மழை வரும் போலிருந்தது. ரப்பர் படகில் அண்ணனும் அக்காவும் முதல் நடையிலேயே திரும்பிவிட்டார்கள். நான் கடைசி நடையில் ஏறினேன்.

"உங்க அப்பா எங்க?" என்று இங்வில்ட் கேட்டாள்.

"அண்ணன்கூட முதல் படகுலயே போயிட்டாரு."

"குளிர் தாங்கலையா, பாவம்" என்று சொல்லி, நான் வழுக்காமலிருக்கக் கைகொடுத்தாள்.

அவள் கேட்கவே இல்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். கேட்டாள். இறங்கியதும் எல்லாரும் மிதவைச் சட்டையைக் கழற்றிக் கரையில் ஒரு பெட்டியில் போடுவோம்; அப்பாவுடையது அதில் மிஞ்சிக் கிடந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதை மடித்து என் முதுகுப்பையில் வைத்திருந்தேன். கப்பலில் ஏறி பதினெட்டைத் திருப்பினேன், பதினேழையும் திருப்பினேன். அறைக்குப் போய் அவர் போர்வைக்குள் தலையணைகளை அடுக்கினேன். பின்பு, போர்வை உப்பியிருந்ததைப் பார்த்து அவர் என்று ஏமாந்தேன் என்று உங்களிடம் அழுதேன். அந்த அழுகை மட்டும் நிஜம்.

சாப்பாட்டு மேசையில் அப்பா எங்கே என்று அண்ணன் கேட்டான். "தூங்கறாரு, எழுப்பாதீங்க" என்றேன். எங்கள் வீடுகளில் பகல் தூக்கத்தில் இருக்கும் பெரியவர்களை யாரும் எழுப்புவதில்லை, உங்களுக்கே தெரியும். அறைகளுக்குப் போகும் நடைபாதையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோல்வெய்க் அவர் கதவைத் தாண்டும்போது காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நான் சாப்பிட்டேன். அவருக்கு முள் எடுத்துக் கொடுத்து முடிப்பதற்குள் என் தட்டு ஆறிவிடும், எட்டு வருடமாக. அன்று மீன் சூடாக இருந்தது. பழக்கூழ் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நடந்த எல்லாவற்றிலும் இதைச் சொல்லத்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஏழரை மணிக்கு அக்கா கதவைத் திறந்தாள். கப்பல் திரும்புவதற்குள், மீட்புப் படகு போய்ச் சேர்வதற்குள் மழை நின்றிருந்தது, அப்பாவும் போயிருந்தார். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு, "பழக்கத்துல திருப்பிட்ட, உன் தப்பு ஒண்ணுமில்ல" என்றான். அடக்கத்தன்று போதகர் என் பெயரைச் சொல்லிப் பொறுமைக்கு உதாரணம் காட்டினார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். எல்லாரும் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

அண்ணனையும் அக்காவையும் கொஞ்சம் பதறவைக்க நினைத்தேன், அவ்வளவுதான், என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், அப்போது புரியும் என்று. ஆனால் எழுப்பாதீர்கள் என்று மூன்று முறை சொன்னது நான்தான்.

இன்னொரு திருத்தம் இருக்கிறது. அப்பா கூட்டத்தை விட்டு நழுவி, காற்றுக்கு ஒதுங்கிக் கொட்டகையின் பின்னால் போயிருக்கலாம் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அவர் நழுவவில்லை. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கவிழ்ந்து கிடந்த மீன்பெட்டி மேல் உட்காரவைத்து, கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன். "இங்கயே இருங்கப்பா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "சரிம்மா" என்றார்.

எட்டு வருடத்தில் நான் சொன்னதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்று கேட்டார்.