மூக்கன் குரலுக்குப் பச்சை விளக்கு

பிரேக்கையே தொடாம, வாயில வெச்ச பீடி அணையறதுக்குள்ள, ஏற்காட்டு மலையிலிருந்து குப்பனூருக்கு லாரியை இறக்கினவன் மாதப்பன். அதுவும் கண்ணை மூடிக்கிட்டு!

“ஐயா, அந்தப் பீடி எத்தனை நீளமுங்க?” சாரா கேட்டுச்சு.

ஒரு முழம்னு வெச்சுக்கோ, கண்ணு.

நாகலூர் டீக்கடையில கரண்ட் போய் ரெண்டு மணி நேரம். வெளியில அடைமழை. கடைசி பஸ் இனி வராது. ஆறு பேர், ஒரே மெழுகுவத்தி, கதை சொல்ல நான். அதுல சாரா மட்டும் சேலத்துப் பொண்ணு. மனுசன் குரலைக் கேட்டு அவன் எந்த நிலையில இருக்கான்னு கண்டுபிடிக்க மெஷினுக்குப் பழக்குற கம்பெனியில வேலை. பேய்னா அதுக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும். இது அது பழக்கின மெஷினோட கதைதான்.

மத்தியானம் ரெண்டரை மணி. பேய்க்கு ராத்திரி ஷிப்ட்டு மட்டும்தான்னு எவன் சொன்னது? எஸ்டேட் கேட்டைத் தாண்டினா குப்பனூர் ரோடு... ஈ காக்கா இல்லை. பனி இறங்கி, லாரியோட மூக்கே டிரைவருக்குத் தெரியலை. லாரிக்குள்ள மிளகு மூட்டை. மாதப்பனுக்குள்ள அரை பாட்டில்.

கேட்டுல ஒரு மெஷின். லாரியை வெளியே எடுக்கணும்னா டிரைவர் அதுகிட்டப் பேசணும். குரலை வெச்சே அது சொல்லும்... தெளிவு, தூக்கம், போதை, பயம். தெளிவுன்னா பச்சை விளக்கு எரிஞ்சு, குறுக்குக் கம்பி தானாத் தூக்கும். மத்த மூணுக்கும் சிவப்பு.

நம்ம டிரைவருங்க விடுவாங்களா? சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு விரதம் இருந்தப்ப, டிரைவர் மூக்கன் கேட்டுல பேசினதை ஒருத்தன் செல்லுல பிடிச்சுட்டான். “நான் மூக்கனுங்க. தெளிவா இருக்கேன்.” விரதக் குரல். அதைப் போட்டா எப்பவும் பச்சை! சாமியே கம்பியைத் தூக்குதுன்னு ஒருத்தனுக்கொருத்தன் அனுப்பி, எஸ்டேட் பூரா அந்தக் குரல்தான் கேட்டைத் திறந்துச்சு. பேர் என்னன்னு மெஷின் பார்க்காது. பேசறவன் எப்படி இருக்கான்னுதான் பார்க்கும்.

“அது சரிதானுங்க,” சாரா முணுமுணுத்துச்சு. “ஆளை அடையாளம் பார்க்க நாங்க பழக்கலை.”

ஒரு மாசம் முன்னாடி அந்தக் குரலைப் போட்டுத்தான் மாதப்பன் முட்டக் குடிச்சுட்டு வெளியே வந்தான். முதல் வளைவுல, ரோட்டோரம், மூக்கன் தன்னோட லாரிக்கு டயர் மாத்திக்கிட்டுக் குனிஞ்சிருந்தான்.

டொம்.

கல்லுன்னு நினைச்சான் மாதப்பன். லாரி மெல்ல ஊர்ந்துச்சு. அடியிலிருந்து ஒரு சத்தம். “மாதப்பா... நிறுத்துடா... நான்டா...”

நிறுத்தி இறங்கியிருந்தா மூக்கன் பொழைச்சிருப்பான். வேலை போகும், ஜெயில் வரும், பார்த்த சாட்சி அடியிலயே கிடக்குது. இவ்வளவும் ஒரு நொடியில மாதப்பன் மண்டைக்குள்ள ஓடுச்சு. ரிவர்ஸ் கியர் போட்டான். பச்சை மூங்கிலை முழங்கால்ல வெச்சு ஒடிச்ச மாதிரி... படக், படக். மறுபடி முன்னால. அப்புறம் சத்தம் இல்லை. பல்லு மட்டும் பதினெட்டு, ரோடு பூரா தெறிச்சுக் கிடந்துச்சு.

“போன வாரம் பதினாலுன்னீங்க!” டீக்கடைக்காரன் பிடிச்சுக்கிட்டான்.

கதை வளர்றப்ப பல்லு முளைக்கக் கூடாதா, தம்பி?

விசாரணைக்கு வந்தவங்க கேட்டுல இருந்த மெஷினைப் பார்த்தாங்க. பச்சை. டிரைவர் தெளிவு. அப்போ பனிதான் காரணம்னு முடிச்சுட்டாங்க. அந்தப் பதிவுல பேசறது யாருன்னு ஒருத்தர்கூடக் கேட்டுப் பார்க்கலை.

சாரா இதுக்குச் சிரிக்கலை.

ஒரு மாசம் கழிச்சு, நான் சொன்ன அந்த ரெண்டரை மணி. செத்தவன் குரலையே மாதப்பன் மறுபடி போட்டான். அதே செல்லு, அதே பதிவு. “நான் மூக்கனுங்க. தெளிவா இருக்கேன்.”

சிவப்பு. போதை.

மாதப்பன் செல்லைத் துடைச்சான். மறுபடி போட்டான். சிவப்பு. பயம்.

“ஒரே பதிவுக்கு ஒரே பதில்தான் வருமுங்க. நூறு தரம் போட்டாலும்.” சாரா குறுக்கே வந்துச்சு.

மூணாவது தரம்... சிவப்பு. வலி.

“ஐயா, வலிங்கற வார்த்தையே அதுக்குத் தெரியாது! நாங்க பழக்கினது நாலு நிலைதான்.”

கேட்டு வாட்ச்மேன் சின்னையன் அவன் மச்சான். “மெஷினு மக்கர் பண்ணுது மாப்ளே, நீ போ”ன்னு கையாலேயே கம்பியைத் தூக்கிவிட்டாரு.

முதல் வளைவு. கேபினுக்குள்ள ஒரு வாசம்... டீசல், ஈர மண்ணு, ஆட்டுக்கறிக் கடை. பக்கத்து சீட்டுல கிடந்த செல்லு தானாப் பேசுச்சு. “நான் மூக்கனுங்க.” தூக்கி வெளியே எறிஞ்சான். இப்ப லாரிக்கு அடியிலிருந்து அதே குரல். “தெளிவா இருக்கேன்.”

எஞ்சினை அணைச்சான். அணைச்ச லாரி நகர்ந்துச்சு... பின்னால. டொம். முன்னால. டொம். ஏதோ ஏறி இறங்குது. கதவு பிய்ஞ்சு தொங்குச்சு. உள்ளே வந்த கையில விரல் எல்லாம் திசைக்கு ஒண்ணா மடங்கியிருந்துச்சு. மாதப்பன் அதைக் கடிச்சான், உதைச்சான், ஸ்பேனரால எலும்பு தெறிக்க அடிச்சான். அது அவனைப் பார்க்கக்கூட இல்லை. தொண்டையை மட்டும் பிடிச்சு, தேங்காய் மட்டையை உரிக்கிற மாதிரி... திருகுச்சு.

சின்னையன் ஓடி வந்தப்ப, மாதப்பன் தன் லாரியோட பின்சக்கரத்துக்கு அடியில. ரெண்டு காலும் கூழ். கழுத்துல ஓட்டை. ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருந்துச்சு. ஜீப்புல அள்ளிப் போட்டுக்கிட்டு சேலம் பறந்தாரு. உசுரு தங்குச்சு. குரல் இல்லை. ஆஸ்பத்திரியில இடது கையால அவன் எழுதிக் காட்டினதுதான் இத்தனையும்... மூக்கனைக் கொன்னதும் சேர்த்து.

எல்லாரும் சாராவைப் பார்த்தாங்க. அது டம்ளரைக் கீழே வெச்சுது.

“நடந்துச்சுங்க.”

என்ன, கண்ணு?

“அன்னைக்குப் பதிவை எல்லாம் கேட்டுப் பார்க்க என்னைத்தான் அனுப்பினாங்க. மூணாவதுல ‘வலி’ன்னு இருந்துச்சுங்க. நாங்க யாரும் எழுதலை, நம்ப முடியாமதான் இவ்வளவு நேரம் மறுத்துப் பேசினேன். ஆனா ஐயா... நாலாவது ஒண்ணு இருக்கு. மூணே முக்காலுக்கு. ஜீப் கிளம்பிப் போயிருச்சு, கேட்டுல ஆளே இல்லை, கேமராவுல வெறும் பனி. ‘நான் மூக்கனுங்க, தெளிவா இருக்கேன்’னு ஒரு குரல்... மூக்கன் குரல் இல்லைங்க. தொண்டை போன மாதப்பனோட குரல். மெஷின் பச்சை காட்டிக் கம்பியைத் தூக்கியிருக்கு. தெளிவு, நூத்துக்கு நூறுன்னு போட்டிருக்குங்க. உசுரோட இருக்கற யாருக்கும் அது இதுவரைக்கும் நூறு குடுத்ததே இல்லை.”