முத்துலிங்கம் மாஸ்டரின் காருக்குப் புதுக் காஸ்

கொழும்பு வெயிலில் ஏ.சி. இல்லாமல் கார் ஓடுவது கஷ்டந்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. என் பெயர் ஹியூபேட். கொட்டாஞ்சேனையில் பதினெட்டு வருஷமாகக் கார் ஏ.சி. மட்டுமே திருத்துகிறேன். சிங்களமும் எனக்கு நல்லாய் வரும். ஆனாலும் தமிழில் சொல்கிறேன், உங்கள் ஆள் மொழிபெயர்க்கட்டும். ஒரு சொல்லும் பிசகக்கூடாது.

முத்துலிங்கம் மாஸ்டரை எட்டு மாதமாக நீங்கள்தானே உள்ளே வைத்திருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் இரசாயனவியல் ரியூசன் கொடுக்கிறவர். இந்தத் தொண்ணூற்றெட்டு மாசியில் தன் பழைய காரை என்னிடம் கொண்டுவந்தார். பழைய ஏ.சி. காஸ் இப்போது கிடைப்பதில்லை, புதுக் காஸுக்கு மாற்றித் தாரும் என்றார். நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். புதுக் காஸோடு ஏ.சி.க்குள் கிடக்கிற பழைய ஓயில் கலக்காது, அதை முழுக்க வடித்து வேறு ஓயில் விடவேண்டும், றப்பர் வளையங்களையும் மாற்றவேண்டும், இரண்டு நாள் செல்லும் என்றேன். கராஜில் நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி மாஸ்டர் சிரித்தார்.

"ஹியூபேட், நான் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறவன். நீர் ஸ்பானர் பிடிக்கிற ஆள். காஸை மாத்தும், எனக்குப் பாடம் எடுக்காதையும்."

புத்தகத்தில் காஸைப் படித்தவருக்கு மூக்கு வேலை செய்யுமா என்று பார்க்க விரும்பினேன். ஒரு பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓயிலும் வளையங்களும் முறைப்படி மாற்றினேன்; வேலையில் நான் குறை வைப்பதில்லை. கடைசியில் புதுக் காஸுக்குப் பதிலாகச் சமையல் காஸை ஏற்றினேன். அதுவும் நன்றாகவே குளிரும்.

கார் எடுக்க அவருடைய மனைவி கனகேஸ்வரியும் வந்திருந்தா. முன்சீற்றில் ஏறின உடனேயே முகத்தைச் சுளித்தா.

"இஞ்சேருங்கோ, குசினிக் காஸ் மணம் மாதிரியெல்லே கிடக்கு."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். புதுக் காஸ் முதல் கிழமை அப்படித்தான் மணக்கும் என்றேன். புதுக் காஸுக்கு மணமே கிடையாது, ஐயா. அது எங்கள் தெருத் தேத்தண்ணிக் கடைக்காரனுக்கும் தெரியும்.

"உமக்கு விளங்காது, சும்மா இரும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அந்த மணம் ஏன் வருகிறதென்று மூலக்கூறுகளை வைத்து விளக்கத் தொடங்கினார். நானும் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவவுக்கு விளங்கியது. ஆனால் பரீட்சை அவவுக்கு இல்லையே.

மூன்றாம் நாள், காலி வீதிச் சோதனைச்சாவடி வரிசையில், ஏ.சி.க்காகக் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்த மாஸ்டர் சிகரெட் பற்றவைத்தார். கார் வெடித்துத் தீப்பிடித்தது; அவர் கைகள் எரிய எரிய வெளியே விழுந்தார். மனைவி வெளியே வரவில்லை; அவவின் பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது, பிடி உடைந்திருந்தது. கார் வந்த அன்றே அதைக் கவனித்தேன். அவர் திருத்தச் சொல்லவில்லை. சொல்லாத வேலையை நான் செய்வதில்லை.

நீங்கள் குண்டு என்றீர்கள். ஒரு தமிழன், ஒரு கார், ஒரு சோதனைச்சாவடி. அதற்குமேல் யோசிக்க உங்களிடம் ஆள் இல்லை. ஏ.சி. காஸ் தீப்பற்றியிருக்குமோ என்று உங்கள் ஆட்களில் ஒருவர் கேட்டாராம். புதுக் காஸ் எரியாது என்று மாஸ்டரே பாடம் எடுத்தாராம். தன் படிப்பாலேயே தானே மாட்டிக்கொண்ட மனிசனுக்கு நான் என்ன செய்ய?

நான் இன்று வந்தது அவருக்காக இல்லை. நேற்றைய பேப்பரில் உங்கள் நிபுணரின் அறிக்கை வந்திருக்கிறது. டாஷ்போட்டுக்குள் இருந்த இணைப்பில் சமையல் காஸ் கசிந்ததாம்; அனுபவமில்லாத மெக்கானிக் ஒருவன் கவனக்குறைவாக அதைச் சரியாய் இறுக்காமல் விட்டானாம். மாஸ்டரை விடப்போகிறீர்களாம். விடுங்கள். ஆனால் அந்த வரியை வெட்டுங்கள்.

அந்த இணைப்பை நான் ஒழுங்காக இறுக்கினேன். சோப்புத் தண்ணி பூசிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்பானரை மறுபக்கம் பிடித்துக் கால் சுற்றுத் தளர்த்தினேன். மூன்று நாளுக்கு அளவாகத் தளர்த்த, ஐயா, அனுபவமில்லாதவனால் முடியாது.